அம்மாவின் சேலைகளில் ஒரு போர்வை: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேமரன் மலையில் ஆண்டு முடிகிற மாதங்களில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது. இந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே இங்குதான் பதிவானது: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி செல்சியஸ். அந்த அளவுக்கு எல்லா ஆண்டும் போவதில்லை. என்றாலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கம்பளியின் அருமை தெரியும்.

அதே வீடுகளில் இன்னொன்றும் இருக்கும். அலமாரியின் மேல்தட்டிலோ பழைய இரும்புப் பெட்டியிலோ அம்மாவின், பாட்டியின் சேலைகள். கட்ட ஆள் இல்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்துக்கு மாறும்போது அந்தப் பெட்டிதான் கடைசியாக லோரியில் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு நாள் அந்த யோசனை தோன்றும். எல்லாச் சேலைகளையும் சதுரம் சதுரமாக வெட்டி, சேர்த்துத் தைத்து, இரட்டைக் கட்டிலுக்கு ஒரு போர்வை செய்தால் என்ன?

நல்ல யோசனைதான். ஆனால் இப்படித் தொடங்கிய போர்வைகளில் பல, பாதி தைத்த நிலையில் பிளாஸ்டிக் பைக்குள் போய்விடுகின்றன. சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலை பாதியில் நின்றால் பிறகு முடித்துக்கொள்ளலாம். இதில் வெட்டிய சேலை திரும்ப வராது. ஆகவே இந்த வேலை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

நூறு மீட்டர் தையல்

கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரட்டைக் கட்டிலுக்கு 88 அங்குலம் நீளம், 88 அங்குலம் அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடித்த பின் ஒவ்வொரு சதுரமும் 4 அங்குலம் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு வரிசைக்கு 22 சதுரம், மொத்தம் 22 வரிசை. ஆக 484 சதுரங்கள்.

தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில், துணி முழுவதும் நல்ல நிலையில் இருந்தால், ஏறத்தாழ 480 சதுரம் கிடைக்கும். அதாவது போர்வையின் மேற்பக்கம் முழுவதற்கும் ஒரே சேலை கிட்டத்தட்டப் போதும்! இருபது சேலை இருந்தால் ஒன்றிலிருந்து 25 சதுரத்துக்கு மேல் தேவைப்படாது. துணி போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டு சேலை முழுவதையும் முதல் நாளே வெட்டித் தள்ளுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

தையலுக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையிலும் 21 இணைப்பு, 22 வரிசைக்கும் சேர்த்து 462 சிறு தையல். அதன் பின் வரிசையோடு வரிசையைச் சேர்க்க 21 நீளத் தையல். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 100 மீட்டர். ஒரு ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு இது மலைப்பாகத் தோன்றலாம். ஆனால் இதுகூடப் பரவாயில்லை, நேர்த் தையல்தான். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே தைத்துவிடலாம்.

சிக்கல் தொடங்குவது ஒரு மில்லிமீட்டரில். தையலுக்கு விடும் இடத்தை ஒவ்வொரு துண்டிலும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்துவிட்டால், ஓர் இணைப்புக்கு இரண்டு துண்டு என்பதால், 2 மில்லிமீட்டர் குறையும். 21 இணைப்புக்கு 42 மில்லிமீட்டர், அதாவது நான்கு சென்டிமீட்டருக்கு மேல். எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் போர்வை சற்றே சிறிதாகும், அவ்வளவுதான். ஒரு வரிசை குறைந்து அடுத்தது குறையாமல் போனால் சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் துணி புடைத்துக்கொள்ளும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஊசி இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தகட்டின் மேல் ஒரு நாடாவை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த நாடாவை உரசிக்கொண்டே போக வேண்டும். கண் மதிப்பை நம்ப வேண்டாம்.

மெஷினின் கழுத்து

மேற்பக்கம் தைத்து முடிந்தது. வீட்டிலுள்ளவர்கள் பார்த்து மெச்சுகிறார்கள். இங்குதான் பலர் நிற்கிறார்கள்.

போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே சதுரங்கள், நடுவில் பஞ்சு விரிப்போ பழைய கம்பளியோ, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால்தான் நடுத்துணி சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்கும். சதுரங்களின் ஓரத்தையொட்டித் தைத்தாலே இன்னும் 90 மீட்டருக்கு மேல் வரும்.

நீளம்கூடப் பெரிய பிரச்சினையில்லை, இடம்தான் பிரச்சினை. வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி பொதுவாக ஆறு, ஏழு அங்குலம். போர்வையின் நடுப்பகுதியைத் தைக்கும்போது பாதிப் போர்வை, அதாவது 44 அங்குலம் அகலமுள்ள மூன்றடுக்குத் துணி, சுருண்டு அந்த ஏழு அங்குலத்துக்குள் போக வேண்டும். போகாது. போனாலும் திரும்பாது. மறு பாதி மேசையிலிருந்து கீழே தொங்கி, தன் பாரத்தால் துணியை இழுக்கும். தையல் கோணும், ஊசி ஒடியும், அடித்துணி மடிந்து அதனோடு சேர்ந்தே தைபட்டுவிடும். இதில் கைத்திறமைக் குறைவு எதுவும் இல்லை. ரவிக்கையும் பாவாடையும் தைக்கச் செய்த மெஷினில் மெத்தை அளவு வேலையைத் திணிக்கிறோம்.

இதை எழுதுபவர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. கொழுந்து பறித்த கைகளால் அம்மா சேர்த்து வைத்த பதினோரு சேலை. வேலைக்குக் கைலிதான், சேலை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். அவற்றில் ஒன்பதை ஒரே வாரத்தில் வெட்டினேன். மேற்பக்கம் தைத்து முடிக்க நான்கு மாதம். அதன் பின் இரண்டு ஆண்டு அதைத் தொடவில்லை. நைலெக்சையும் பருத்தியையும் கலந்து தைத்திருந்ததால், இஸ்திரி போட்ட அன்று நைலெக்ஸ் சதுரங்கள் சுருங்கிக்கொண்டன. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சாங்கி சிறையில் 66 துண்டுகள்

பெரிய தையல் வேலையை எப்படிப் பங்கு போடுவது என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, பிற வெளிநாட்டுக் குடிமக்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பகுதியில், ஆண்கள் வேறு பகுதியில். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி எங்கே என்று கணவருக்குத் தெரியாது.

அங்கிருந்த எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணி, காயமடைந்தவர்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏறத்தாழ ஆறு அங்குல வெள்ளைத் துணி ஒன்று. மாவுச் சாக்குத் துணியும், பழைய உடைகளில் பிரித்தெடுத்த நூலும் பயன்பட்டன. ஒவ்வொருவரும் அந்தத் துண்டில் தம் மனத்தில் உள்ள ஏதாவது ஒன்றைத் தைக்க வேண்டும், பெயரையும் தைக்க வேண்டும். ஒரு பூ, ஒரு வீடு, ஒரு குழந்தையின் பெயர். ஒரு போர்வைக்கு 66 துண்டு, மொத்தம் மூன்று போர்வை. ஒன்றைக் காயமடைந்த ஜப்பானிய வீரர்களுக்கு என்று குறிப்பிட்டார்கள், மற்றவற்றையும் வெளியே அனுப்ப வழி பிறக்க வேண்டுமே! போர்வைகள் போர்க்கைதிகளின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்தவர்கள் துண்டு துண்டாகப் பெயர்களைப் படித்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். இன்று அவற்றில் இரண்டு கன்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அதற்கும் முன்னோடியாக, அதே சிறையில் சாரணியச் சிறுமிகள் ஆறுமுகத் துண்டுகளைக் கையால் தைத்து ஒரு போர்வை செய்தார்கள். தங்களை வழிநடத்திய எலிசபெத் என்னிஸ் என்ற தாதிக்குப் பிறந்தநாள் பரிசு அது. இப்போது இலண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாங்கியில் எந்தப் பெண்ணும் போர்வை தைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு துண்டைத்தான் தைத்தார்கள். அதே காலத்தில் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் துணிப் பஞ்சத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த கதை பல குடும்பங்களில் உண்டு. அந்தச் சாக்கில் என்ன தைத்தார்கள் என்று எழுதி வைக்கத்தான் யாரும் இல்லை.

கட்டம் கட்டமாக

சாங்கி முறையை நம் போர்வைக்கு இப்படிக் கொண்டுவரலாம். சதுரத்தை ஐந்தரை அங்குலமாக ஆக்குங்கள் (வெட்டும்போது 6 அங்குலம்). நான்குக்கு நான்கு என்று 16 சதுரத்தைச் சேர்த்தால் 22 அங்குலத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கே நடுத்துணியும் அடித்துணியும் வைத்துத் தைத்து முடித்துவிடுங்கள். இப்படி 16 கட்டம் சேர்ந்தால் அதே 88 அங்குலப் போர்வை. சதுரங்கள் 484 அல்ல, 256தான்.

கட்டத்தின் நடுப்பகுதி ஓரத்திலிருந்து 11 அங்குலத்தில் இருப்பதால் எந்த வீட்டு மெஷினிலும் எளிதாக நுழையும். கறுப்பு நிறத்தில் தங்கப் பூப்போட்ட பழைய மிதி மெஷின் போதும். (மாதத் தவணைக்கு அதை வாங்கிய பாட்டிமார் உண்டு. தவணை வியாபாரத்தை 1850களிலேயே தொடங்கிய நிறுவனம் சிங்கர்.) 16ஆம் எண் ஊசி போடுங்கள், தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள், பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அடுக்குகளைச் சேர்க்கும் தையலை ஓரத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் கட்டங்களை இணைக்கும்போது மேல்துணியை மட்டும் பிரித்தெடுத்து மெஷினில் சேர்த்துத் தைக்க முடியும். இணைப்புக்குள் வரும் நடுத்துணியை வெட்டி நீக்கிவிட்டு, அடித்துணி ஒன்றின் மேல் மற்றதை மடித்துக் கையால் தைத்து மூட வேண்டும். இந்த இணைப்புத் தையலின்போது போர்வையின் பாரம் முழுவதும் மெஷினுக்கு இடப்பக்கம் கிடக்கும், கழுத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு கட்டம் என்றால் 16 வாரம். தீபாவளிக் களைப்பு தீர்ந்து தொடங்கினால் பங்குனிக்குள் முடிந்துவிடும். நடுவில் நின்றுபோனாலும் பிளாஸ்டிக் பைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆறு கட்டம் இருந்தால் இரண்டுக்கு மூன்றாகச் சேர்த்து ஒரு குழந்தைக்குப் போர்வை. ஒரே ஒரு கட்டம் இருந்தால் அது ஒரு தலையணை உறை.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. மலையில் பிறந்தவர்கள் இன்று மலையில் இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். அக்காளுக்கு இரண்டு கட்டம், தங்கைக்கு இரண்டு, மருமகளுக்கு ஒன்று என்று துணியைப் பிரித்து அனுப்பலாம். அளவு மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எண்ணைச் சொன்னால் போதாது. அட்டையில் 6 அங்குலச் சதுரத்தை ஒருவரே வெட்டி, அந்த அட்டையைத் துணியோடு அனுப்புங்கள்.

கந்தை எனும் பழைய வழி

அம்மாவின் சேலைகளைக் காப்பதுதான் நோக்கம் என்றால், என் கருத்தில் சதுரமே வெட்ட வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெறும் ஓட்டுத் தையலால் சேர்த்துத் தைக்கிறார்கள். பெயர் காந்தா. தைக்கும் நூலைக்கூடச் சேலையின் கரையிலிருந்து உருவி எடுப்பது அங்கே மரபு. நம் மொழியில் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள்தாம்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் செய்வது வேறு வகை. ஒரு சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் துண்டுகளை வைத்து வைத்துக் கையால் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டு சேர்ப்பதும் அடுக்குகளைத் தைப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடும். நான்கு மூலையிலும் பூப்போல மடித்த துணி வைக்காமல் போர்வை முழுமையாகாது என்பது அவர்கள் வழக்கம்.

காந்தா முறையில் ஒருவர் போர்த்திக்கொள்ள இரண்டு சேலை போதும். ஐந்தரை மீட்டர் சேலையைப் பாதியாக மடித்தால் 2.75 மீட்டர் நீளத்தில் இரண்டு அடுக்கு. அதன்மேல் இன்னொன்றை அப்படியே மடித்து வைத்தால் நான்கு அடுக்கு. கத்தரிக்கோலே தேவையில்லை. இருவருக்கு வேண்டுமானால் நான்கு சேலை. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு முறை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும்.

விரிப்பதற்குக் கூடத்துத் தரையே ஏற்ற இடம். சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு சாண் இடைவெளியில் பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் கீழ் அடுக்கு நகர்ந்து, பாதி வேலைக்குப் பிறகுதான் தெரியவரும். பின்பு ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத் தையல். ஒற்றைப் போர்வைக்கு ஏறத்தாழ 45 வரிசை வரும். இரவுக்கு இரண்டு வரிசை என்றால் மூன்று வாரத்துக்கு மேல் சில நாள். இரட்டைப் போர்வைக்கு 90 வரிசை, கால் கிலோமீட்டர் தையல். கையால் கால் கிலோமீட்டரா என்று கேட்கலாம். ஆனால் அளவு பார்க்கும் கவலை இல்லை, மூலை சேரும் கவலை இல்லை. கோணலாகப் போனால் அதுவே அதன் அழகு.

எந்தச் சேலை தேறும்?

முதலில் துணியை அறிய வேண்டும். உள்முனையிலிருந்து இரண்டு இழை உருவி, கழுவுதொட்டியின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாடை வீசும். நைலெக்சும் பாலியெஸ்டரும் உருகி, கெட்டியான மணியாக உருளும். ஒரே போர்வையில் இவற்றைக் கலக்காதீர்கள். பருத்திக்குத் தேவையான சூட்டில் நைலெக்ஸ் உருகிவிடும். நைலெக்ஸ் சேலைகளே அதிகம் என்றால் அவற்றைத் தனியாக, இஸ்திரி படாமல், காந்தா முறையில் தைக்கலாம். வழுக்கும் துணி என்பதால் தற்காலிகத் தையலை நெருக்கமாகப் போட வேண்டும்.

அடுத்து, சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டுப்போன இடம் சல்லடைபோல் தெரியும். இடுப்பில் செருகிய பகுதியும் ஃபால்ஸ் தைத்த கீழ் ஓரமும் முதலில் நைந்திருக்கும். சுங்குடிச் சேலைகள் பழையதானாலும் நன்றாகத் தேறுபவை. சரிகைப் பட்டை வெட்டித் துவைக்கும் போர்வையில் சேர்ப்பது வீண்.

பிறகு சாயம். ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலையைப் பலமுறை தனியாக அலசாமல் சேர்க்கக் கூடாது. பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது. கடையில் வாங்கும் புதிய அடித்துணி இனிமேல்தான் சுருங்கும். அதையும் தைப்பதற்கு முன்பே ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

நடுவில் கம்பளி வைப்பதா என்பது நம் மலைக்கே உரிய கேள்வி. போர்வையின் சூடு துணியின் கனத்தில் இல்லை, அடுக்குகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றில் இருக்கிறது. ஆகவே நான்கு மெல்லிய அடுக்கு நாம் நினைப்பதைவிடச் சூடு தரும். கம்பளி வைத்த இரட்டைப் போர்வையைத் துவைத்தால், மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் நாட்களில் அது காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். சேலை அடுக்கை இரண்டு கொடியில் பரப்பிவிட்டால் நல்ல வெயில் நாளில் காய்ந்துவிடும். வெட்டாமல் மிஞ்சிய அம்மாவின் இரண்டு சேலைகளையும் நான் அப்படித்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பளி வைக்கவில்லை. இதுவரை 31 வரிசை ஆகியிருக்கிறது.

வேலை முடிந்ததும் பின்பக்க மூலையில் சேலைக்குரியவரின் பெயர், தோட்டம், தைத்த ஆண்டு மூன்றையும் தைத்து வையுங்கள். மார்க்கர் பேனா சில துவைப்பில் மங்கிவிடும். சாங்கியில் செய்ததுபோல் நூலால் எழுதுங்கள்.